பதின்மூன்றாம் தேதிக் கழுதை

பெர்கமோவில் இது எங்களுக்கு மூன்றாவது டிசம்பர்.
மத்தியானத்துக்கு மேல் கப்புச்சினோ கேட்கக் கூடாது,
ஈரத் தலையோடு வாசல் தாண்டினால்
மேல்மாடி ஓர்னெல்லாவுக்கு நெஞ்சு பதறும்,
தபால் நிலையத்தில் நம் எண் வருவதற்குள்
கம்பளிச் சட்டையில் ஒரு கையைப் பின்னி முடிக்கலாம்.
இவ்வளவும் தேறிவிட்டேன்.

இன்று மட்டும் இடறுகிறது.

ஸ்வீடனில் எங்கள் லூசியா
தலையில் மெழுகுவத்திகள் எரிய
விடியுமுன் பாடிக்கொண்டு வருவாள்.
எல்லாரும் பார்க்கத்தான் வருவாள்.
இந்த ஊர் லூசியா
கழுதையோடு இரவில் வருகிறாள்;
விழித்துப் பார்க்கும் பிள்ளையின் கண்ணில்
சாம்பல் வீசுவாளாம்.

"ரெண்டும் ஒரே ஆளா?"
என் இத்தாலியனைத் திருத்திய கையோடு
கேட்கிறாள் இல்வா.
அடுப்படியில் யால்மர்
குங்குமப்பூ ரொட்டிக்கு மாவு சுருட்டுகிறான்.
ரிசோட்டோவுக்கென்று வைத்த பொட்டலம் அது.
நாளைக்கு வெள்ளைச் சோறுதான்.

வைக்கோலுக்கு எங்கே போக?
ஓர்னெல்லா தன் முயல் கூண்டிலிருந்து
ஒரு பிடி உருவித் தந்தாள்,
கூடவே கிண்ணம் நிறையப் பால்.
ஏறிவந்த கழுதைக்குத் தாகமெடுக்குமாம்.

நள்ளிரவு. பரிசுப் பையோடு வந்தால்
கூடத்தில் வெளிச்சம்.
ஜன்னலோரம் இல்வா,
தலையில் பேட்டரி மெழுகுவத்திக் கிரீடம்,
இரு கையாலும் கண்ணைப் பொத்தியபடி.
"அவளுக்கு வழி தெரியணுமே.
நான் பார்க்கலம்மா."

பையை முதுகுக்குப் பின்னால் தள்ளி
நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

வைக்கோலில் பாதியை
யார் தின்பது என்பதுதான்
இன்னும் முடிவாகவில்லை.