இங்கே மட்டும்

கிளாக்ஸ்விக் துறையிலிருந்து படகில் நாற்பது நிமிடம்.
சால்மன் கூண்டுகளுக்கு நடுவே
தண்ணீரில் எவ்வளவு மூச்சுக்காற்று என்று
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கரைக்குச் சொல்லும் மிதவை.
அதற்குள் நகத்தளவு ஒரு சில்லு.

முதல் நிரல் என்னுடையது.
அந்தச் சில்லின் கதவு எண்களெல்லாம் எனக்கு மனப்பாடம்.
எந்தப் பிட்டைத் தொட்டால் தூங்கும்,
எதைத் தொட்டால்
கொட்டாவி விடாமல் எழும்.
ஒரு பேட்டரி ஒன்பது நாள் வந்தது.

"ரன்வா, இது நிரல் இல்லை, கல்யாணம்"
என்றான் ஹெய்னி.

அவன் எழுதியது எங்கும் ஓடும்.
மடிக்கணினியில் ஓடியது,
மகளின் விளையாட்டுப் பலகையில் ஓடியது,
கொஞ்சம் விட்டால்
அலுவலகக் காப்பி இயந்திரத்திலும் ஓடும் என்றான்.
நடுவில் ஓர் அடுக்கு.
அந்த அடுக்குக்கு எல்லாச் சில்லும் ஒன்றுதான்;
அதனால் எதையும் முழுசாகத் தூங்கவைக்கத்
தெரியவில்லை அதற்கு.
மூன்றே நாள்.

எல்லாப் பூட்டுக்கும் போகிற சாவி
எந்தப் பூட்டிலும் கொஞ்சம் ஆடும் என்றேன்.
பூட்டுக்காரன் கடையை மூடிவிட்டால்? என்றான்.

ஜனவரியில் ஐந்து நாள் புயல்.
ஒரு படகும் துறையைத் தாண்டவில்லை.
பன்னிரண்டாம் மிதவையில் என் நிரல்,
பதினான்கில் அவனுடையது.
நான்காம் நாள் காலை
பதினான்கு பேசவில்லை.
நான் வாயைத் திறக்கவில்லை.
இரண்டு காப்பி எடுத்து வந்து
ஒன்றை அவன் முன் வைத்தேன்.
சொல்லிக்காட்டியது போலத்தான் ஆயிற்று.

ஜெயித்தேன் என்ற நினைப்பு பதினாறு மாதம்.
பிறகு மின்னஞ்சல், நாலே வரி:
அந்தச் சில்லை இனி வார்ப்பதில்லை.
நான் பாடம் செய்த எண்கள்
இடித்துவிட்ட தெருவின் விலாசங்கள்.
ஹெய்னி ஒரு மதியத்தில் புதிய சில்லுக்குக் குடிபெயர்ந்தான்.
எனக்கு ஏழு வாரம்.
ஆறாவது வாரம் மேசைமேல் ஒரு காப்பி.
பழிக்குப் பழியா என்றேன்.
"இல்லை. காப்பி."

இப்போது பதினோராயிரம் வரி
எங்கு வேண்டுமானாலும் போகும்,
ஊர் பேர் கிடையாது.
ஒரே ஒரு கோப்பு, இருநூற்றுப் பன்னிரண்டு வரி,
தூக்கமும் விழிப்பும் மட்டும்,
இந்தச் சில்லின் காதோடு இதன் பாஷையில்.
கோப்பின் பெயர்: இங்கே மட்டும்.
தலைக்குறிப்பு ஹெய்னியுடையது:
சில்லு மாறினால் கிழித்தெறியவும். அழ வேண்டாம்.
அதற்குக் கீழே என் கை:
அழ இரண்டு நாள் ஒதுக்கவும்.

எது உள்ளே, எது வெளியே என்பதில்
இன்னும் சண்டைதான்.
நேற்று அந்தக் கோப்பு
இருநூற்றுப் பதின்மூன்று வரி ஆகியிருந்தது.
யார் சேர்த்தது என்கிறான்.

ஜன்னலில் பனிமூட்டம், மிதவைகள் தெரியவில்லை.
பத்து நிமிடம் முடிய
இன்னும் இருபது விநாடி இருக்கிறது.
அதுவரை பதில் சொல்லப்போவதில்லை நான்.