கிளம்பிவிட்டது, வந்து சேரவில்லை

வெள்ளிக்கிழமை, பதினொன்று இருபது.
வீட்டில் மிச்சம்
ஒரு கெட்டில், மூன்று கோப்பை, நான்.
நான்காவதை டீன் உடைத்தான்.
உடைத்த வருத்தத்தில்
தன் சாண்ட்விச்சில் பாதியைத் தந்தான்.

வாசலில் அவனுடைய லாரி.
அதன் வயிற்றுக்குள் என் பத்தொன்பது வருடம்
போர்வை சுற்றி, கயிறு கட்டி,
கால் மேலே தலை கீழே.
டாட்மோர்டன் மழை
எதையும் கழுவுகிற மழை இல்லை,
சும்மா நனைக்கும்.

தொலைபேசியில் பெவர்லி,
வழக்கறிஞர் அலுவலகத்தின் ஜலதோஷக் குரல்:
"பணம் கிளம்பிவிட்டது. வந்து சேரவில்லை."
கிளம்பிய பணம் எங்கே நிற்கும்?
ஏதாவது ஒரு ஸ்டேஷனில் இறங்கி
தேநீர் குடிக்கிறதா?

இதற்குச் சங்கிலி என்று பெயர்.
என் வீட்டை வாங்குவது இமோஜனும் கொனரும்.
நான் வாங்குவது திரு. பிக்கிள்ஸின் இரண்டாம் மாடி.
அவர் வாங்குவது பிரிட்லிங்டனில்
கடல் பார்த்த ஓர் ஓட்டு வீடு.
அதன் சொந்தக்காரர் ஹாரப்
பிப்ரவரியிலேயே காலி செய்துவிட்டார்,
உலகத்தையும் சேர்த்து.
நாங்கள் எல்லோரும் கடிகாரத்தைத் தின்றுகொண்டிருக்க
சங்கிலியின் உச்சியில்
அவசரமே இல்லாத ஒரு மனிதர்.

ஏப்ரலில் ஒரு படிவம் வந்தது.
திரைச்சீலைக் கம்பி விடப்படுமா? ஆம்.
அழைப்பு மணி? ஆம்.
அண்டை வீட்டாரோடு தகராறு உண்டா?
இல்லை என்று எழுதினேன்.
வேலிச் செடி விஷயமாக
கிளெக் அம்மாள் என்னோடு பேசிப் பதினோரு வருடம்.
பேச்சே இல்லாத இடத்தில் தகராறு ஏது?
வீட்டுக்குள் தகராறு உண்டா என்று
எந்தப் பக்கத்திலும் கேட்கவில்லை.
அதற்குக் கட்டம் போட்டிருந்தால்
கூடுதல் தாள் இணைத்திருப்பேன்.

பத்திரத்தில் நைஜலின் கையெழுத்து
தபாலில் வந்தது, அழகாக, அவசரமின்றி.
சாட்சி: ஃபியோனா.
சாட்சியின் முகவரி: மேற்படி.
கட்டிப்பார், பண்ணிப்பார் என்றவர்கள்
இரண்டையும் ஒரே வருடத்தில்
பிரித்துப்பார் என்று சொல்லாமல் விட்டார்கள்.

பன்னிரண்டு நாற்பது.
மீட்டர் எண்ணை இரண்டு முறை குறித்தேன்.
நடுவில் ஒரு யூனிட்கூட ஓடியிருக்கவில்லை.
கெட்டிலை மறுபடி போட்டேன்,
ஓடட்டும் என்று.

அப்போது கதவு தட்டப்பட்டது.
இமோஜன். மழைக்கோட்டின் பொத்தான்
வயிற்றுக்கு எட்டவில்லை, ஏழாவது மாதம்.
பின்னால் காரில் கொனர்
உலகத்திடமே மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு.
"பணம் சேரும் வரை வாசற்படி மிதிக்கக் கூடாதாம்,
தெரியும்.
ஆனால்..."
ஆனாலுக்குப் பிறகு அவள் சொல்லவில்லை.
சொல்லவும் வேண்டாம்.
மாடியில் இடதுபக்கம் என்றேன்.

விற்பனைக்கு வந்தபோது
இதே படியில் இருவரும் ஏறினார்கள்,
சுவரைத் தட்டினார்கள், ஈரம் தேடினார்கள்.
இப்போது அவள் எதையும் தட்டவில்லை.
கைப்பிடியைப் பிடித்து
ஒவ்வொரு படியாக, இடுப்பில் ஒரு கை.

கழிவறைக் கதவு சாத்திய சத்தம்.
தொலைபேசி.
"வந்து சேர்ந்துவிட்டது," என்றாள் பெவர்லி,
தும்மினாள்.
"ஒன்று பதின்மூன்று. வாழ்த்துகள்."

தட்டியபோது விருந்தாளி.
உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே
வீட்டுக்காரி ஆகிவிட்டாள்.
இதை எப்படிச் சொல்வது?
யோசித்துக்கொண்டு மேலே போனால்
உள்ளிருந்து கடகடவென்று
தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டும் ஓசை.

"லேசாகத் தூக்கிக்கொண்டு இழு,"
கதவுக்கு இப்பால் நின்று சொன்னேன்.
"அப்புறம், இமோஜன்,
இந்தத் தாழ்ப்பாள் உன்னுடையது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு ஒரு சிரிப்பு, கொஞ்சம் அழுகையும்.
தூக்கினாள். திறந்தது.

கீழே கெட்டில் கொதித்து அணைந்திருந்தது.
அவளுடைய மின்சாரம்.
"எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டேன்.
"டீ குடித்துவிட்டுப் போங்கள்," என்றாள்.

மூன்று கோப்பை.
டீன் தன் மூடியில் குடித்தான்.