பச்சை மிச்சம்

மூடோன் கடைவீதி மருந்துக்கடையில்
நோய்க்குப் பெயர் கிடையாது, இடத்துக்குத்தான் பெயர்.
"இடுப்புக்கு ஒரு செட்." "முட்டிக்கு ரெண்டு."
பொட்டலம் முந்நூறு சாட்.
மஞ்சள், வலிக்கு.
வெள்ளை, அந்த மஞ்சள் வயிற்றைப் புண்ணாக்காமலிருக்க.
சிவப்பு சும்மா, கண்ணுக்கு நிறைவாய் ஒரு வைட்டமின்.
நடுவில் மிளகளவு பச்சை.
அதன் பெயரை யாரும் கேட்டதில்லை.
நானும் சொன்னதில்லை.

வேலாயி வந்தது ஒரு மாசியில்.
ரப்பர்ஷீட் உருளை சுற்றுகிறவள்,
தோட்டத்துச் சம்பளப் புத்தகத்தில் மா சான் யீ.
இரண்டு கையையும் கண்ணாடிப்பெட்டி மேல் வைத்தாள்.
வலக்கையில் எந்தக் கணுவோ
இடக்கையிலும் அதே கணு,
ஒன்றைப் பார்த்து ஒன்று வீங்கியதுபோல.
விடிந்து ஒன்றரை மணி நேரத்துக்கு
ஜாக்கெட் கொக்கி மாட்ட விரல் மடங்காதாம்.
மகன் மாட்டிவிடுவானாம்,
கண்ணை இறுக மூடிக்கொண்டு.

ரெண்டு செட் கட்டினேன்.
மறுநாள் வந்தாள். நடந்தல்ல, ஓடி.
"தம்பி, உன் கையில சாமி இருக்கு."
இருந்தது எதுவென்று எனக்குத் தெரியும்.

பதினான்கு மாதம்.
முகம் உருண்டது, கன்னம் மினுங்கியது.
வேலாயிக்குச் சதைபோட்டுவிட்டதென்று
கோயிலில் பேசிக்கொண்டார்கள்.
கால் மட்டும் குச்சியாய்,
தொட்ட இடமெல்லாம் ஊதாவாய்.
நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் திஞ்சான்.
ஐந்து நாள் தெருவெல்லாம் தண்ணீர், கடைக்குப் பூட்டு.
நான்காம் நாள்
ஊரே நனைந்து ஆடுகையில்
நனையாமல் விழுந்தாள்.

மோல்மேன் ஆஸ்பத்திரியில்
டாக்டர் கின் சான்டா
காலிப் பொட்டலத்தை விரித்துக் கேட்டார்:
"பச்சை எது?"
பதினோரு வருடத்தில் முதல்முறையாக
அதை முழுப்பெயரில் சொன்னேன்.
டெக்ஸாமெத்தசோன்.
அவர் திட்டவில்லை. எழுதிக்கொண்டார்.
"இது உடம்பு தானே சுரக்கிற சரக்கின் உறவு.
வெளியிலிருந்து தினமும் வந்தால்
உள்ளே பட்டறையை மூடிவிடும்.
ஒரேயடியாய் நிறுத்தினால்
அங்கும் இல்லை, இங்கும் இல்லை."

பிறகு வேலாயியிடம், பர்மியத்தில்:
மூட்டுக்குள் மெல்லிய சவ்வு இருக்கிறது,
உன் காவலே அதை அந்நியனென்று நினைத்து...
அவள் இடைமறித்தாள்.
"பால்ல ஆசிட் ஊத்தினா தட்டுல திரண்டு தடிக்குமே, அதுவா?"
டாக்டர் யோசித்தார்.
"கிட்டத்தட்ட. தடித்துத் தடித்து எலும்பை அரிக்கும்.
அரித்தது திரும்பாது.
இனி அரிப்பதை நிறுத்தப் பார்க்கலாம்."

அதற்கு மெத்தோட்ரெக்ஸேட்.
வாரத்தில் ஒரே நாள்,
தினம் தின்றால் அது ஆளைத் தின்னும்.
"புதன்கிழமை" என்றார்.
"எந்தப் புதன்?" என்றாள்.
இந்த நாட்டில் புதன் இரண்டு,
உச்சிவரை ஒன்று, உச்சி சாய்ந்தால் ராகு.
டாக்டர் சிரித்து, அடித்து, வியாழன் என்று எழுதினார்.
வெள்ளிக்கு ஃபோலிக் ஆசிட்.
பச்சைக்குப் பதில் ப்ரெட்னிசோலோன்,
படி படியாய்க் குறைத்து.
ஈரலைப் பார்க்க மாதாமாதம் ரத்தம்.
"எட்டு, பத்து வாரம் ஆகும். அதுவரை வலிக்கும்.
நாளைக்கே ஓட முடியாது."
கடைசி வரியை என்னைப் பார்த்துச் சொன்னார்.

வியாழன் மட்டும் என்று
டப்பியில் தமிழில் பெரிதாய் நானே எழுதினேன்.

இப்போது ஆடி.
அவள் முகத்துக்குப் பழைய எலும்பு திரும்புகிறது.
மோதிரவிரல் வளைந்தது வளைந்ததுதான்.
கொக்கி அவளே மாட்டிக்கொள்கிறாளாம்,
காலையில் மகனுக்கு வேலையில்லை.

"வேலாயிக்கு மொதல்ல குடுத்தியே,
ஓடவச்ச மருந்து, அதக் குடு"
ஆட்கள் வருகிறார்கள் இன்னும்.
பச்சை இல்லாமல் கட்டுகிறேன்.
மறுநாள் யாரும் ஓடி வருவதில்லை,
எதிர்க்கடைக்கு நொண்டிப் போகிறார்கள்.

மாதக்கடைசி. முதலாளி டப்பாவை எடுத்தார்.
"பச்சை ஏன் இவ்வளவு மிச்சம்?"
தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது,
காதில் விழாததுபோல் நின்றேன்.
அவர் இன்னொருமுறை குலுக்கினார்.