ஏழாம் விதி, இரண்டாம் பந்தி

கிழமை நாட்களில் நான் மல்லாவியில்
தண்ணிப் பம்பு மோட்டருக்குக் கம்பி சுத்துகிறவன்.
வருசத்தில் ஒரு ஞாயிறு மட்டும்
கழுத்தில் அட்டை தொங்கும். பரிசோதகன்.

கைவிட்ட கிரவல் கிடங்கில் ஓட்டம்.
சோளகம் கிளப்பின புழுதியில்
பாலை மரங்களெல்லாம் செம்மண் சட்டை போட்டு நின்றன.
முப்பத்தொரு மோட்டச்சைக்கிள்.
ஒவ்வொன்றின் சீற்றையும் கழற்றிப் பார்த்தேன்.

கம்பனி பூட்டி அனுப்பின மின்னணு உதவி இருக்கலாம்.
பிறகு பூட்டியது எதுவும் ஆகாது.
ஏன் என்று விதி சொல்லாது.
நாங்கள்தான் எழுதினோம் ஓர் இரவு,
கொத்துரொட்டிப் பாசலை விரித்துவைத்து,
காசுள்ளவன் பெட்டி வாங்கி வெல்லக்கூடாது என்று.

வவுனியாவிலிருந்து விதுசன். போன மாசம் இறக்கின வண்டி.
சில்லு வழுக்கினால் தானே வேகம் அடக்கும்,
எவ்வளவு இறுக்கினாலும் பிரேக் பூட்டாது.
விலை கேட்டேன்.
வீட்டுத்திட்ட வீடு ஒன்றைவிடக் கூட.
எல்லாம் கம்பனி பூட்டியது.
பச்சை ஸ்ரிக்கர் ஒட்டிவிட்டேன்.

பிறகு அமலதாஸ், முழங்காவில்.
பதினெட்டு வருசப் பழசு.
இடப்பக்கக் கைபிடியில் ஒரு சின்னப் பொத்தான்.
"கியர் மாத்த, அண்ணை. பெருவிரலால."
படிவத்தில் தானே எழுதியிருந்தான், கொட்டை எழுத்தில்.
பொத்தானிலிருந்து வயர், வயர் போய்ப் பெட்டி,
பெட்டிக்குக் கீழே கியர்த்தண்டைத் தள்ள ஒரு குட்டி மோட்டர்.
நல்ல சுத்து. தொழில் தெரிந்தவன் கை.
இடது முழங்காலுக்குக் கீழே இருந்ததும்
பிறகு பூட்டியதுதான்.
அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

"விதி விதிதானே," என்றான் விதுசன், மெல்லமாய்.
பிழையான கதையில்லை.
நான் குழுவைப் பார்த்தேன்.
குழு சாப்பாட்டு வானைப் பார்த்தது.
வயரைக் கழற்றி ஈயமுத்திரை வைத்து
குறட்டால் நெரித்தேன்.
"சரி," என்றான்.
கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாய் இருந்திருக்கும்.

கோட்டில் நின்று குனிந்து
கையால் இரண்டாம் கியரைப் போட்டான்.
எட்டுச் சுற்றும் அதிலேயே.
மற்ற எஞ்சின்கள் ஏறி இறங்கிப் பேச
அவனுடையது மட்டும்
முதிரையில் ஏறின மரஆலை வாள்போல
ஒரே உச்சியில் நின்று கத்தியது.

அதுக்குள்ளேதான் கேட்டது, மூன்றாம் வளைவில்,
கஜீபன்ரை வண்டி விக்கியது.
வழுக்கும் முன்னமே நெருப்பை
வெட்டி வெட்டிக் கொடுக்கிற பெட்டியின் விக்கல்.
சீற்றுக்குக் கீழே காலையில் ஒன்றுமில்லை.
ஹெட்லைற்றை நான் கழற்றவில்லை.
முறைப்பாடு எழுத்தில், ஐயாயிரம் ரூபாயோடு, அரைமணிக்குள்.
ஒருவரும் கட்டவில்லை.
காது சாட்சியில்லை. அதுவும் ஏழாம் விதியில்தான்,
ஐந்தாம் பந்தி.

விதுசன் முதலாவது. கஜீபன் இரண்டாவது.
அமலதாஸ் பதினொன்று.
அவனுக்குப் பின்னால் இருபது பேர்,
எல்லாக் கியரும் உள்ளவர்கள்.

பொழுது சாயக் குறட்டைக் கேட்டு வந்தான்.
வீட்டுக்குப் போகவேணும்.
என்ரை முத்திரையை நானே வெட்டினேன்.
வயரைத் திரும்பக் கொழுவிப் பொத்தானை அமத்திப் பார்த்தான்.
ரிக்.
தலையாட்டிவிட்டு வெளிக்கிட்டான்.

துணுக்காய் றோட்டில் அவன் போகப் போக
கண்ணை மூடி எண்ணிக்கொண்டு நின்றேன்.
இரண்டு. மூன்று.
நாலு, மதகடிக்கு அங்காலே.
ஐந்து விழுந்த சத்தம்
காற்றில் வரவில்லை.
விழுந்திருக்கும்.