மூன்றாம் கட்டம்

விரலில் நெருப்பு வந்த பிள்ளை
விடியமுன் கோபுரத்துக்குப் போகவேணும்.
அதுதான் அந்த நாட்டுச் சட்டம்.
ஒளித்தால் வீட்டுக்கே தீ.

மல்லாவியில் கரண்ட் போய்
போனில் பதினொரு வீதம் மிச்சம்.
சாம்பல் அங்கிக்காரர் ஒழுங்கைக்குள் இறங்கிவிட்டார்கள்.
நான் அந்தப் பெட்டையைத்
தண்ணிப் பீப்பாய்க்குள் இறக்குகிறேன்.

"அதுக்குள்ள வேண்டாம்"
என்கிறா தவரூபிச் சித்தி,
சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி, நிமிராமல்.
"முதல்ல அங்கதான் தட்டிப் பார்ப்பாங்கள்.
தண்ணிக்கு ஒரு சத்தம், ஆளுக்கு ஒரு சத்தம்."

நெல் மூட்டைக்குப் பின்னால்?
"நாய் இருக்கோ அவங்களிட்ட?"
இருக்கு.
"அப்ப கிணத்துக்குள்ள இறக்கு. மூச்சுக்கு
பப்பாசித் தண்டு குடு."
பப்பாசித் தண்டு இந்த விளையாட்டில இல்லை, சித்தி.

நூலைப் பல்லால் கடித்தா.
"கலியாணம் கட்டி வைச்சா விடுவாங்களோ?"

பட்டியலை மேலும் கீழும் உருட்டினேன்.
வாள், மருந்து, ஓடு, சரணடை.
தாலி இல்லை.

"எத்தினை வயசு அவளுக்கு?"
பதினாலு.

சித்தி விளக்கைத் தன் பக்கம் இழுத்தா.
எனக்குத் திரை வெளிச்சம் மட்டும்.
ஒன்பது வீதம்.
கதவைத் தட்டுகிறார்கள்.