எண்பத்தெட்டு டிகிரி

முர்காபில் தண்ணீருக்கு அவசரம்.
எண்பத்தெட்டு டிகிரியிலேயே
கொதித்துவிட்டேன் என்று குதிக்கும்.
மூடியைத் தள்ளும், ஆவி விடும்.
உள்ளே கவரிமா இறைச்சி
மானத்தை விடாமல்
காலையில் போட்டபடியே விறைத்துக் கிடக்கும்.
பாமிர் மலைமேல்
கொதிப்பது வேறு, வேவது வேறு.

என் கடை ஒரு பழைய கன்டெய்னர்.
லாரிக்காரர்களுக்குச் சூப், ரொட்டி, உப்புப் போட்ட பால் டீ.
அதில் முதலாளி நானில்லை,
எட்டு லிட்டர் ருஷ்ய குக்கர்.

செவ்வாய்க்கிழமை அதன் கேஸ்கட் இரண்டாய் விட்டது.
விரலில் எடுத்தால்
வறண்ட ரொட்டி ஓரம்போல் உதிர்கிறது.
புதியது ஓஷ் சந்தையில் இருக்கும்.
ஓஷ் இரண்டு நாள் தூரம்;
கணவாயில் பனி விழுந்தால்
எத்தனை நாள் என்று பனியைத்தான் கேட்க வேண்டும்.

பஞ்சர் ஒட்டும் ஓரோஸ்பெக்
காமாஸ் லாரியின் டியூபில் ஒரு துண்டு கொடுத்தான்.
மூடியை மேலே வைத்துச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு
ஆட்டு ரோமம் கத்தரிக்கிற கத்தரியால் வெட்டினேன்.
இருபது நிமிடம் நல்ல பிள்ளை.
பிறகு கடை முழுக்க எரிந்த பிரேக் நாற்றம்.
கஷ்கரிலிருந்து சரக்கு ஏற்றிவரும் அப்லிமித்
ஒரு கரண்டி குடித்துவிட்டுக்
கிண்ணத்தைக் கீழே வைத்தான்:
"அக்கா, இது எத்தனாவது கியர்?"

சிரித்தேன். காசு வாங்கவில்லை.

அடுத்து,
சக்கரமில்லாமல் ஆற்றோரம் கிடக்கும் ஜீப்பின்
கதவு ரப்பர்.
நீளமாக உருவி, வளைத்து,
நுனியோடு நுனி பசை போட்டு ஒட்டினேன்.
மற்ற இடமெல்லாம் ஒழுங்கு,
ஒட்டிய இடத்தில் மட்டும் ஊசிபோல் ஆவி.
மாவு பிசைந்து அப்பினேன்; அதையும் துப்பியது.
அன்றிரவு படுத்துக்கொண்டு சொன்னேன்:
வட்டத்துக்குத் தொடக்கம் என்று ஒன்று இருந்தால்
அங்கேயேதான் பிரியும்.
எனக்குத் தொடக்கமில்லாத ரப்பர் வேண்டும்.
தொக்தோர்பாய் புரண்டு படுத்தார்:
"கடவுளிடம் கேள். அவரிடம்தான் அந்த மாதிரி ஐட்டம் இருக்கும்."

பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூமில் இருந்தது.
மரப்பெட்டியில், பவுடர் பூசி,
நாற்பது விஷவாயு முகமூடிகள்.
மூன்றாம் வகுப்பில் நாங்கள் மாட்டிப் பழகியவை.
குண்டு விழும் என்றார்கள்; மணி அடித்ததும்
ஏழு எண்ணுவதற்குள் தலை உள்ளே போக வேண்டும்.
நான் எப்போதும் ஒன்பது.
பின்னல் சிக்கிக்கொள்ளும்.

தலைமுழுக்க இழுத்துப்போடும் சாம்பல் ரப்பர்,
கழுத்தருகே ஒட்டே இல்லாமல் ஒரே வட்டம்.
இழுத்துப் பார்த்தேன்.
தாராளமாக நீண்டு, வருத்தமில்லாமல் சுருங்கியது.
காவல்காரர் அசனாலியோடு
முகமூடிக்கு ஒரு கிண்ணம் சூப் என்று பேச்சு.
மூன்று எடுத்தேன், கடனுக்கு.

ஒரு வளையம் மெல்லிசு. மூன்றை அடுக்கினால் கனம் சரி.
சோடா உப்புப் போட்டு மூன்று முறை கொதிக்க வைத்தேன்,
எண்பத்தெட்டு டிகிரியில்தான், வேறு வழி?

மூடியைத் திருகிவிட்டு
பக்கத்தில் நிற்கப் பயந்து வெளியே போனேன்.
ரோட்டில் ஒரு நாய், ஒரு லாரி, நிறையக் காற்று.
உள்ளே குண்டு ஆடத் தொடங்கிய சத்தம்.
ஏழு எண்ணினேன். இன்னொரு ஏழு.
ஒன்றும் ஆகவில்லை, ஆடிக்கொண்டே இருந்தது.

எலும்பைத் தூக்கினேன்.
இறைச்சி பாத்திரத்திலேயே தங்கிவிட்டது.

உடைந்த பழைய கேஸ்கட்டை
அளவுக்கு வாங்கிப் போயிருக்கிறான் அப்லிமித்.
வருவான், பனி விட்டால்.
அதுவரை மூன்று முகமூடிகளின் மிச்சம்
கழுத்தில்லாமல் ஆணியில் தொங்குகிறது.
எதற்கு இதெல்லாம் என்கிறார் தொக்தோர்பாய்.
நெற்றியில் இன்னும் ரப்பர் இருக்கிறது,
குழாய் வாஷருக்கு ஆகும்.

சமைக்கும்போது
அவற்றின் கண்ணாடிகளில் ஆவி படிகிறது.
போகிறபோக்கில் துடைத்துவிடுகிறேன்.