காலி எடை

ராத்திரி பதினொன்றுக்கு மேல்
வெள்ளைக்கல் லாரிகள் வருவது குறையும்.
கருப்பூர் எடைமேடை ரூமில்
நானும் ஒரு டேபிள் ஃபேனும்
சிவப்பு எண்கள் எரியும் பெட்டியும்தான்.
சில்லறைக்குப் பதிலாக
ஓமலூர் டிரைவர் விட்டுப்போன புத்தகம்,
"பாக்கி வைத்த ஆவிகள்".
அட்டையில் ஒரு மின்கம்பம்,
கம்பியில் தலைகீழாக ஒற்றைச் செருப்பு.

வேடியப்பன் அவர்களே,
உங்களை எனக்குத் தெரியாது.
பின்னட்டையில் உங்கள் முகம் இருந்த இடத்தில்
யாரோ டீ கிளாஸ் வைத்த வட்டம்.
ஆனாலும் சொல்லியாக வேண்டும்:
நேற்று ராத்திரி நீங்கள்
நாலு லாரியைக் காக்கவைத்தீர்கள்.

ஏற்காட்டில் ரீடிங் எடுக்கும் குப்புராஜ்
இடிந்து நாற்பது வருஷமான பங்களாவில்
மீட்டர் ஓடுவதைப் பார்க்கிறான்.
வேறு கதையாயிருந்தால் அலறியிருப்பான்.
உங்கள் ஆள் அட்டையில் யூனிட் எழுதுகிறான்.
மேலதிகாரியோ,
"பேய் இருக்கட்டும்யா,
பேய் டெபாசிட் கட்டியிருக்கா பாரு!"
நான் சிரித்த சிரிப்பில்
வாசலில் படுத்திருந்த நாய்
எழுந்து இடம் மாறிப் படுத்தது.

செத்தவர்கள் இரண்டு நகலோடு வரிசையில் நிற்பதும்,
உயிர்ச் சான்றிதழ் கேட்கும் குமாஸ்தாவிடம்
ஓர் ஆவி தலையைச் சொறிந்துகொண்டு
"அப்ப நாளைக்கு வரட்டுங்களா?" என்பதும்
கற்பனை இல்லை ஐயா,
கவர்மென்ட் ஆபீஸ் வராண்டாவில்
கால் மரத்துப்போன ஆளின் கையெழுத்து.

அப்புறம் அந்தக் கருவி.
பாக்சைட் மண்ணையும் பழைய ரேடியோவையும் வைத்து
ஜூனியர் இன்ஜினியர் பண்ணிய பெட்டி.
வாழாமல் விட்ட நாட்களை
யூனிட் கணக்கில் காட்டுமாம்.
வளைவுக்கு ஒருவராக ஆட்கள் காணாமல் போக
குப்புராஜ் அதைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறான்.
பதினோராம் கொண்டை ஊசியில் முள் துடிக்கிறது.
பதினாலில் பெட்டியே கத்துகிறது.
சுற்றிலும் பனி, சில்வர் ஓக், மிளகுக் கொடி.
ஆள் கிடையாது.
பெட்டியை ரோட்டில் வைத்துவிட்டு
அவன் பத்தடி தள்ளிப் போனால் அடங்குகிறது.
திரும்பி வந்தால்

இதற்கு மேல் சொன்னால் பாவம்.
நானே அந்தப் பக்கத்தை மூடிவைத்து,
ஒரு சொம்பு தண்ணீர் குடித்து,
வெளியே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான்
மறுபடி பிரித்தேன்.

குறை இல்லாமல் இல்லை.
அந்தக் காட்டெருமைக் கனவு
எட்டுப் பக்கம் இழுக்கிறது.
குப்புராஜின் பொண்டாட்டி கோமளவல்லி
கோபப்படுவதற்கு மட்டும் வருகிறாள்.
ஒரே ஒரு தடவை
அந்தப் பெட்டியை அவள் கையில் கொடுத்திருக்கலாம்.
மலையே அதிர்ந்திருக்கும்.

மூன்றரை மணி இருக்கும்.
வண்டி வராத இடைவெளியில்
மேடைமேல் நானே ஏறி நின்றேன்.
ஒன்பது வருஷமாய்,
ஏற்றின எடையில் காலி எடையைக் கழித்து
அடுத்தவர் சரக்கைச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள்.
ஜன்னல் வழியே எண் தெரிந்தது:
அறுபது.
புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு ஏறினேன்.
அப்போதும் அறுபதுதான்.
பத்துக் கிலோவுக்குக் குறைந்த எதுவும்
இந்த மேடையின் கண்ணில் படாது.

இறங்கி ரூமுக்கு வந்து பார்க்கிறேன்,
பெட்டியில் பத்து.

மழை ஈரத்துக்கு இப்படி வரும், தெரியும்.
ஜீரோ பட்டனில் விரலை வைத்தேன்.
அழுத்தவில்லை.
ரெஜிஸ்டரை எடுத்து
வண்டி எண் கட்டத்தில் தவமணி என்று எழுதினேன்.
அடுத்த கட்டம் காலி எடை.
பேனா அங்கேயே நிற்கிறது.
வெளியே மாமாங்கத்து வண்டி
இரண்டாம் தடவை ஹாரன் அடிக்கிறது.